அள்ளிய இடமும் அள்ளாத இடமும்: படுவான்கரைக் குளமொன்றில் ஆற்றுவாழைக் கட்டுப்பாடு பற்றிய நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலுள்ள ஒரு பிரதேச செயலகப் பிரிவில், ஆற்றுவாழை என்ற மிதக்கும் நீர்க்களையைக் கட்டுப்படுத்த நான்கு மாரிகளாக நடந்த ஒரு முயற்சியை இந்த ஆய்வு பதிவு செய்கின்றது. அதில் தொடக்கம் முதல் இடமாற்றம் பெறும் வரை அபிவிருத்தி உத்தியோகத்தராகப் பணியாற்றியவன் என்ற முறையில் இதை எழுதுகின்றேன். சம்பந்தப்பட்ட எவரும் அடையாளம் காணப்படக் கூடாது என்பதற்காகக் குளத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் தவிர்த்துள்ளேன். இதே நிலை கிழக்கின் வேறு பல குளங்களிலும் இருப்பதால், நாங்கள் எடுத்த முடிவுகளுடன் எங்கள் தவறுகளையும் ஒளிக்காமல் வைப்பது பயன்படும் என்று நம்புகின்றேன்.

பின்னணி

அந்தக் குளம் மூன்று வட்டைகளுக்கு, அதாவது வயல்வெளிகளுக்கு, நீர் பாய்ச்சுகின்றது. நீர் திறந்துவிடும் துருசிலிருந்து வெளிவரும் நீரும், குளம் நிரம்பும்போது மிகை நீர் வழியும் வான் எனப்படும் கட்டின் மேலாகப் பாயும் நீரும் ஒரே கழிவு வாய்க்காலில் சேர்ந்து, பிரதான வீதியிலுள்ள ஒரு பழைய மதகின் கீழாகச் சென்று, இறுதியில் வாவியில் கலக்கின்றன. குளத்தில் நன்னீர் மீனவர்கள் வலை போடுகின்றார்கள். கோடையில் மாடுகள் இறங்குகின்றன. சுற்றியுள்ள குடும்பங்கள் குளிப்பதும் துவைப்பதும் அங்கேதான்.

நிர்வாகக் கண்ணால் பார்த்தால் இந்த ஒரே நீரோட்டம் நான்காகப் பிரிந்து கிடந்தது. குளம் ஒரு திணைக்களத்தின் பொறுப்பு, வயல் வாய்க்கால்கள் இன்னொன்றின் பொறுப்பு, வீதியும் மதகும் மூன்றாவதின் பொறுப்பு, வாவிக்கரை நான்காவதின் பொறுப்பு. ஒவ்வொரு தரப்பும் தன் பகுதியைக் கவனித்தது என்பதே உண்மை. முழு நீரோட்டத்தையும் ஒன்றாகப் பார்க்கும் கடமை எவருக்கும் எழுத்தில் கொடுக்கப்பட்டிருக்கவில்லை, எங்கள் அலுவலகத்துக்கும் கூட.

பிற இடங்களில் ஆகாயத்தாமரை எனப்படும் ஆற்றுவாழை தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாக இலங்கைக்கு வந்த அது, சில ஆண்டுகளிலேயே நீர்வழிகளை அடைக்கத் தொடங்கியதால், 1909இல் அதற்கென்றே தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. எங்கள் குளத்தில் இருந்த மற்றொரு மிதக்கும் நீர்க்களையான சல்பீனியா 1939இல் தாவரவியல் கற்கைக்காகக் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து தப்பி நாடெங்கும் பரவியது. இரண்டையும் மனிதர் விரும்பியே கொண்டுவந்தார்கள் என்பதை இங்கே குறித்துவைக்கின்றேன், ஏனென்றால் எங்கள் குளத்திலும் கதை அப்படித்தான் தொடங்கியிருந்தது. அதை அறிய எங்களுக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

முதல் அறிகுறிகளும் தவறவிட்ட வாய்ப்பும்

முதலில் கண்டவர் ஒரு மீனவர். வைகாசி மாதத்தில் வலையில் செடி சிக்குவதாக அவர் கிராம உத்தியோகத்தரிடம் சொன்னார். அடுத்து நடந்த பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் வயல் நீர் விநியோகத்தைக் கவனிக்கும் ஒரு வட்டவிதானையார் அதையே எடுத்துச் சொன்னார். அப்போது செடி குளத்தின் மேற்கு மூலையில் ஒரு மாட்டுப்பட்டி அளவுக்கே இருந்தது. நான்கு பேர் தோணியில் போய் ஒரு நாளில் அள்ளியிருக்கலாம். கூட்ட அறிக்கையில் விடயம் பதியப்பட்டது. ஆனால் யார், எப்போது, எந்தப் பணத்தில் என்ற மூன்று கேள்விகளும் கேட்கப்படாமலே அடுத்த விடயத்துக்குச் சென்றோம். நீர்ப் பங்கீடு பற்றிய சச்சரவு அன்று நேரம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. அந்த அறிக்கையில் கையொப்பமிட்டவர்களில் நானும் ஒருவன்.

ஆற்றுவாழை வெப்பமும் சத்தும் கிடைக்கும் நீரில் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் தன்னை இரட்டிப்பாக்கக்கூடியது. சல்பீனியா அதைவிட விரைவாகவும் பெருகும். விதை இல்லாமல், ஒடிந்த துண்டிலிருந்தே அது தழைக்கும். வயலிலிருந்து கழியும் உரநீர் குளத்துக்கு வருவதால் சத்துக்கும் குறைவில்லை. ஐப்பசி பிறந்தபோது குளத்தின் மேற்குப் பாதி பச்சைப் பாய் விரித்தது போல் மூடிக் கிடந்தது.

முதல் மாரி: அவசரத்தில் எடுத்த முடிவு

கார்த்திகைக் கடைசியில் பெருமழை பெய்து குளம் வான் பாய்ந்தபோது, செடிப் படலம் பிய்ந்து வாய்க்காலில் இறங்கி மதகை அடைத்தது. நீர் பின்வாங்கி மேல் வட்டையிலுள்ள இளம் பயிரை நாட்கணக்கில் மூடியது; வீதியும் மூழ்கியது. அம்புலன்ஸ் வர வழியின்றி, பிரசவ வலி கண்ட ஒரு தாயை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி மறுபுறம் சேர்த்தார்கள். தாயும் பிள்ளையும் நலமாகவே இருந்தார்கள். ஆனால் அந்த இரவு எங்கள் அலுவலகத்தில் எவரும் உறங்கவில்லை.

மறுநாள் காலை அனர்த்த நிவாரண ஒதுக்கீட்டிலிருந்து மண் அள்ளும் பெக்கோ இயந்திரமொன்று வரவழைக்கப்பட்டது. மதகைத் திறப்பது ஒன்றே நோக்கம். அள்ளியதில் ஒரு பகுதியை வாய்க்கால் கரையில் குவித்தோம். மறுபகுதியை நீரோட்டத்தோடு வாவிக்குத் தள்ளினோம். வாவி உப்பு நீர், அங்கே செடி தானே மடியும் என்று எண்ணினோம். அந்த எண்ணம் பாதிதான் சரி. உப்புக் கூடிய நீரில் ஆற்றுவாழை மடியும் என்பது உண்மையே. ஆனால் ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான அந்த வாவியின் மேற்கு ஓரங்களில் மாரி காலத்தில் ஆறுகளும் வாய்க்கால்களும் கொண்டுவரும் நன்னீரே நிறைந்திருக்கும். செடிப் பாளங்கள் அங்கே வாரக்கணக்கில் மிதந்து வாவி மீனவர்களின் வலைகளைக் கிழித்தன. ஓர் ஊரின் துன்பத்தை இன்னொரு ஊரின் வாசலில் இறக்கிவிட்டோம் என்று அவர்கள் சொன்னார்கள். அதற்கு எங்களிடம் மறுமொழி இருக்கவில்லை.

கரையில் குவித்தது அடுத்த மழையில் கழுவுண்டு மீண்டும் வாய்க்காலில் இறங்கியது. அதையும் நாங்கள் எதிர்பார்த்திருக்கவில்லை.

இரண்டாம் ஆண்டு: சிரமதானமும் ஐப்பசி இயந்திரமும்

சித்திரைக்குப் பின் ஒரு பெரிய சிரமதானம் ஒழுங்கு செய்யப்பட்டது. விவசாய அமைப்பினரும் விளையாட்டுக் கழக இளைஞர்களும் ஆலய நிருவாகத்தினரும் அயலூர்ப் பள்ளிவாசலைச் சேர்ந்தவர்களும் தோளோடு தோள் நின்று உழைத்ததைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. அவர்கள் உழைப்புக்கு ஏற்ற திட்டம் எங்களிடம் இருக்கவில்லை என்பதே குறை. ஆற்றுவாழை பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீரே கொண்டது. ஒரு பெட்டி நிறைய ஏற்றினால் பெரும்பாலும் நீரைத்தான் சுமக்கின்றோம். ஆகவே தொலைவுக்குக் கொண்டுசெல்ல முடியாமல் குளக்கட்டின் அடியிலேயே போட்டார்கள். ஈரம் பட்ட பக்கத்துச் செடிகள் உயிரோடு இருந்தன, மழைக்கு முன்பே மீண்டும் நீரில் இறங்கின.

கட்டுப்பாட்டு வேலைக்கென முறையாகக் கேட்ட நிதி புரட்டாதி இறுதியில்தான் கைக்கு வந்தது. அரச நிதியாண்டு தையில் தொடங்கி மார்கழியில் முடிகின்றது. மதிப்பீடு, அனுமதி, விலைமனு எல்லாம் கடந்து பணம் களத்துக்கு வரும்போது ஆண்டின் முக்கால் பங்கு போய்விடுகின்றது. எஞ்சிய மாதங்களில் செலவு செய்யாவிட்டால் பணம் திரும்பிவிடும். அதனால் ஐப்பசியில், குளத்தில் நீர் ஏறத் தொடங்கும் வேளையில், இயந்திரத்தை இறக்கினோம். வடகீழ்ப் பருவமழையின் நாட்காட்டியும் நிதியின் நாட்காட்டியும் இப்படி முட்டிக்கொள்வதை விளங்கிக்கொள்ளாமல் கிழக்கில் எந்த நீர்க்களைத் திட்டத்தையும் வகுக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து. இரண்டாவது மாரியிலும் மதகு அடைத்தது, முதல் ஆண்டைவிடச் சற்றுக் குறைவாக.

நீரோட்டத்தை நடந்து பார்த்த நாள்

மாசியில், நீர் வடியத் தொடங்கியபோது, பிரதேச செயலாளர் ஒரு முடிவெடுத்தார். நான்கு திணைக்களங்களின் கள உத்தியோகத்தர்களும், வட்டவிதானைமாரும், குளத்து மீனவர்களும், வாவி மீனவர் சங்கத்தினரும் ஒரே நாளில் வாவிக்கரையிலிருந்து குளத்தின் தலைமாடு வரை நடந்து, செடி கண்ட இடங்களையெல்லாம் ஒரே வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்பதே அது. அதுவரை எங்களிடம் நான்கு வரைபடங்கள் இருந்தன. ஒன்றின் எல்லை முடியுமிடத்தில் மற்றொன்று தொடங்கவில்லை.

குளக்கட்டில் நின்று இளைப்பாறியபோது, முதலில் முறைப்பாடு செய்த அந்த மூத்த மீனவர் என்னிடம் சொன்னார்: “மேல கிடக்கிற கிடங்கைப் பாக்காம கீழ அள்ளி என்ன வரப்போகுது, தம்பி?” எந்தக் கிடங்கு என்று கேட்டபோது அவரே அழைத்துச் சென்று காட்டினார். குளத்துக்கு மேலே, பற்றைக்குள், கைவிடப்பட்ட செங்கல் வாடியொன்றின் மண் அகழ்ந்த கிடங்கு இருந்தது. அது நிறைய ஆற்றுவாழை பூத்துக் கிடந்தது. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு வீட்டுத் தொட்டியில் அழகுக்கு வளர்த்த செடி மிஞ்சியபோது, வாட விட மனமில்லாமல் அங்கே போட்டதாக அயலவர் சொன்னார்கள். பெருமழையில் கிடங்கு நிரம்பி வழியும் நீர் குளத்துக்குள்தான் இறங்குகின்றது.

இரண்டு ஆண்டுகளாக நாங்கள் வால்பக்கத்தைத் துப்புரவு செய்துகொண்டிருந்தோம், தலைப்பக்கம் ஒவ்வொரு மாரியிலும் புதுச் செடியை அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த மீனவரை அதற்கு முன் எந்தக் கூட்டத்துக்கும் நாங்கள் அழைக்கவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பங்குனியில் நடந்த கூட்டத்தில், அந்த வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. 2016இல் அரசு வெளியிட்ட ஆக்கிரமிப்பு அந்நிய இனங்களுக்கான தேசியக் கொள்கையை நான் முதன்முதலில் முழுமையாகப் படித்தது அப்போதுதான். வருமுன் தடுத்தல், வந்தவுடன் கண்டறிந்து உடன் செயற்படல், பரவிய பின் கட்டுப்படுத்தல் என்ற வரிசையே இத்துறையில் உலகெங்கும் ஏற்கப்பட்டது. இலங்கை 1994இல் ஏற்றுக்கொண்ட உயிர்ப்பல்வகைமைச் சமவாயத்தின் எட்டாம் உறுப்புரையும் இத்தகைய இனங்கள் வருவதைத் தடுக்கவும், வந்தவற்றைக் கட்டுப்படுத்தவோ ஒழிக்கவோ வேண்டுகின்றது. அந்த வரிசையில் நாங்கள் முதலிரண்டையும் தவறவிட்டு, செலவு மிகக் கூடிய மூன்றாவதில் நின்றோம்.

வேலை மேலிருந்து கீழாக நடக்க வேண்டும் என்பது முதல் முடிவு: கிடங்கு, பிறகு குளத்தின் மேற்கு மூலை, பிறகு துருசு வாய்க்கால், இறுதியாகவே மதகு. சிறுபோக நீர் விநியோகம் முடிந்து குளம் வற்றிக் கிடக்கும் ஆவணியிலும் புரட்டாதி முற்பகுதியிலும் மட்டுமே அள்ளுவது என்பது இரண்டாவது. அப்போது பெரும்பகுதிச் செடி சேற்றில் தரைதட்டிக் கிடக்கும். இயந்திரம் இறங்க இடமிருக்கும். அள்ளியது வெயிலில் காய இரண்டு மாதம் கிடைக்கும். அந்த ஆண்டு ஒரு வெள்ளத் தணிப்பு ஒதுக்கீட்டை மாற்றிப் பெற்றோம்; அடுத்த ஆண்டுக்குரிய கோரிக்கையை அப்போதே எழுதி அனுப்பினோம். குவியல்கள் வெள்ளமட்டக் குறிக்கு மேலே, நீரோட்டத்துக்கு வெளியே மட்டுமே போடப்பட வேண்டும் என்று வேலை ஒப்பந்தத்திலேயே எழுதினோம்.

களைநாசினி தெளிக்கலாம் என்ற யோசனை விவசாயிகள் சிலரிடமிருந்து வந்தது. அவர்களுடைய சிரமம் எனக்குப் புரிந்தது. ஆனால் குளிக்கவும் மாட்டுக்குக் குடிக்கவும் பயன்படும் நீர் அது. தெளித்துச் செத்த செடி முழுவதும் நீரிலேயே அழுகினால் நீரிலுள்ள ஒட்சிசன் குறைந்து மீன் மடியும். கூட்டம் அந்த யோசனையை ஏற்கவில்லை. செடித் தண்டிலிருந்து கைப்பணிப் பொருள் செய்யும் முயற்சியைக் கட்டுப்பாட்டு வழியாகக் காட்டுவதையும் நான் எதிர்த்தேன். வருமானம் தரும் செடியை ஒழிக்க எவரும் முன்வரமாட்டார்கள். வேறு குளத்துக்கு எடுத்துச் சென்று வளர்க்கவும் கூடும். ஏற்கனவே அள்ளிக் காய்ந்ததைப் பயன்படுத்துவதில் மட்டும் எனக்கு மறுப்பு இருக்கவில்லை.

சல்பீனியாவைப் பொறுத்தவரை ஒரு வாய்ப்பு இருந்தது. அதன் மொட்டைத் தின்றும் தண்டைத் துளைத்தும் அழிக்கும் பிரேசில் நாட்டுக் கூன்வண்டு 1986இல் இலங்கையில் விடப்பட்டு, பல நீர்நிலைகளில் நல்ல பயன் தந்துள்ளது. எங்கள் குளத்தின் ஒரு மூலையில் அந்தச் சிறிய கறுப்பு வண்டு ஏற்கனவே இருப்பதாகத் துறைசார்ந்த ஓர் உத்தியோகத்தர் காட்டினார். எல்லாச் சல்பீனியாவையும் அள்ளினால் வண்டும் அதோடு போய்விடும். ஆகவே அந்த மூலையை மூங்கில் தடுப்பிட்டு விட்டுவைத்தோம். ஊராருக்கு இதை விளக்குவது எளிதாக இருக்கவில்லை. ஒரு பகுதியை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டவர்களை அழைத்துச் சென்று, துளைபட்டுப் பழுப்பேறிய தண்டைக் கையில் எடுத்துக் காட்டிய பிறகே ஏற்றார்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமான முடிவு பின்தொடர்தல் பற்றியது. அள்ளிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குளத்து மீனவர் சங்கத்தினர் தோணியில் சுற்றிவந்து மிஞ்சியதைக் கையால் பிடுங்க வேண்டும். அதற்கு நாட்கூலி வழங்கப்படும். ஒரு பதிவேடு இருக்கும். அதற்குப் பொறுப்பான உத்தியோகத்தர் ஒருவர் பெயர் குறிப்பிட்டு நியமிக்கப்படுவார். ஆற்றுவாழை விதைகள் சேற்றில் 15 ஆண்டுகளுக்கு மேலும் முளைக்கும் திறனோடு இருக்கக்கூடியவை. அந்த நிலையில் ஒருமுறை அள்ளுவதைக் கட்டுப்பாடு என்று சொல்வது பொருந்தாது.

தொடர்ந்து நடந்தவை

ஆவணியில் கிடங்கும் குளமும் திட்டமிட்டபடி துப்புரவாயின. ஐப்பசியில் முதல் மழை விழுந்து சேறு நனைந்ததும் கரை நெடுகிலும் ஆயிரக்கணக்கில் நாற்றுகள் முளைத்தன. பணம் முழுவதும் வீணாயிற்று என்று ஊரில் பேச்சு எழுந்தது. மேலிடத்திலிருந்தும் விளக்கம் கேட்டார்கள். அது சேற்றிலிருந்த பழைய விதை, பெரிய செடி அகன்று வெயில் பட்டதால் முளைக்கின்றது, பூப்பதற்கு முன் பிடுங்கினால் அந்த அளவு விதை சேற்றில் குறைந்துவிடும் என்று எழுத்தில் விளக்கினோம். இந்த முளைப்பைப் பற்றி முன்கூட்டியே ஊருக்குச் சொல்லியிருந்தால் நம்பிக்கை இவ்வளவு ஆட்டம் கண்டிருக்காது. மீனவர்கள் அந்த மாரி முழுவதும் பிடுங்கினார்கள். மதகு ஒருமுறை பாதியளவு அடைத்தது, வீதி மூழ்கவில்லை.

நான்காம் ஆண்டின் முற்பகுதியில் நாட்கூலி மூன்று மாதம் தாமதமானது. முதல் மாதம் கடனுக்கு உழைத்தவர்கள் பிறகு நிறுத்திவிட்டார்கள். அன்றாடம் வலையை நம்பி வாழும் குடும்பங்களிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை. அந்த இடைவெளியில் தென்கரையில் இரண்டு திட்டுகள் உருவாகின. கொடுப்பனவு வந்த பிறகு அவற்றை அகற்றப் பிடித்த நாட்களைப் பதிவேட்டில் கணக்கிட்டால், தவறாமல் சுற்றியிருந்தால் செலவாகியிருக்கக்கூடியதை விடப் பல மடங்கு ஆகின்றது. அந்த ஒரு பக்கத்தை நகலெடுத்து அடுத்த ஆண்டு நிதிக் கோரிக்கையோடு இணைத்தேன். நாங்கள் எழுதிய எந்த விளக்கத்தையும் விட அது நன்றாகப் பேசியது.

நான்காவது மாரியில் மதகு அடைக்கவில்லை. மேல் வட்டையில் பயிர் மூழ்கியது, ஆனால் நீர் ஒரு நாளில் வடிந்தது. வாவி மீனவர்களிடமிருந்து முறைப்பாடு வரவில்லை. சல்பீனியா தெளிவாகக் குறைந்திருந்தது. அதில் வண்டின் பங்கு எவ்வளவு, கையால் அள்ளியதன் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய நாங்கள் ஒழுங்கு செய்யாததால் வண்டின் வெற்றி என்று நான் எழுதமாட்டேன். அள்ளிய செடியைக் கூட்டெருவாக்கும் முயற்சி பெரிதாக வளரவில்லை. ஈரமான சுமையை வயலுக்கு இழுக்க விவசாயிகள் விரும்பவில்லை. பெண்கள் குழுவொன்று மட்டும் காய்ந்ததை வீட்டுத்தோட்டத்துக்கு எடுத்தது. உரநீர்க் கழிவைக் குறைப்பதில் நாங்கள் எதையும் சாதிக்கவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இன்று இதே வேலை என்னிடம் தரப்பட்டால், முதல் முறைப்பாடு வந்த வாரத்திலேயே தோணியை இறக்குவேன். அதற்குப் பிரதேச மட்டத்தில் ஒரு சிறிய தொகை எந்த அனுமதியும் வேண்டாமல் எடுக்கக்கூடியதாக ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். கூட்ட அறிக்கையில் இத்தகைய விடயம் பதியப்படும்போது பொறுப்பாளரின் பெயரும் திகதியும் இல்லாமல் பக்கம் மூடப்படக் கூடாது. நீரோட்டத்தை நடந்து பார்ப்பது மூன்றாம் ஆண்டின் வேலையாக இருந்திருக்கவே கூடாது.

தடுத்தலில் நாங்கள் மிகவும் பின்தங்கியிருந்தோம். அழகு மீன் விற்கும் கடைகளிலும் பூங்கன்று விற்பனையிலும் என்னென்ன நீர்ச்செடிகள் கைமாறுகின்றன என்பதை எவரும் பார்க்கவில்லை. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கின்றது, ஆனால் வீட்டுத் தொட்டியில் மிஞ்சிய செடியை எங்கே போடுவது என்று ஒரு குடும்பத் தலைவிக்கு எவரும் சொல்லவில்லை. கரையில் காயவைத்து எரித்திருந்தால் போதும். ஒரு குளத்தில் வேலை செய்த பெக்கோவைக் கழுவாமல் இன்னொரு குளத்தில் இறக்குவதும், வலையை உலர்த்தாமல் கொண்டுசெல்வதும் அப்படித்தான். வடக்கில் பாதீனியம் என்ற அந்நியக் களை பரவியதையும், மகாவலிக் கரைகளில் முள்நிறைந்த பெருந்தொட்டாவாடி பரவியதையும் கேள்விப்பட்டிருந்தும், வெளி மாவட்ட மணலோடும் வைக்கோலோடும் எங்கள் பகுதிக்கு என்ன வருகின்றது என்று நாங்கள் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. 2022 மார்கழியில் குன்மிங்–மொன்றியல் உலக உயிர்ப்பல்வகைமைக் கட்டமைப்பில் நாடுகள் ஏற்ற ஆறாவது இலக்கு, ஆக்கிரமிப்பு அந்நிய இனங்கள் புதிதாக வந்து நிலைப்பதை 2030க்குள் குறைந்தது பாதியாகக் குறைக்கச் சொல்கின்றது. அந்த இலக்கு எங்கள் பிரிவுக்குள் வரும்போது அது செங்கல் வாடிக் கிடங்கு, பூங்கன்றுக் கடை, இயந்திரத்தின் சக்கரம் என்ற அளவில் எழுதப்பட வேண்டும்.

தற்போதைய நிலை

இடமாற்றம் பெற்றபோது பதிவேட்டையும் வரைபடத்தையும் எனக்குப் பின் வந்த உத்தியோகத்தரிடம் ஒப்படைத்து, அவரை அந்த மூத்த மீனவரின் தோணியிலேயே ஒருமுறை குளத்தைச் சுற்ற அழைத்துச் சென்றேன். கிடங்கு இன்னும் மண்ணிட்டு மூடப்படவில்லை. காணி உரிமையாளர்களில் ஒருவர் வெளிநாட்டில் இருப்பதால் சம்மதக் கடிதம் நிலுவையில் உள்ளது. அதுவரை கிடங்கிலிருந்து குளத்துக்கு வழியும் வாயிலில் கம்பிவலைத் தடுப்பு இருக்கின்றது. மாரிக்கு முன் அதைப் பழுதுபார்க்கும் வேலை பதிவேட்டின் அடுத்த பக்கத்தில், ஆவணி மாதத்துக்குரியதாக, பொறுப்பாளரின் பெயரோடு எழுதப்பட்டுள்ளது.